ஐ-70 ஏற்றமும் எக்ஸாஸ்ட் சூடும்: டிரெய்லர் இழுத்துக் கற்றுக்கொண்டவை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, 5,280 அடி உயரத்தில் இருக்கும் ஊரை விட்டுக் கிளம்பி, சுமார் 60 மைல் தூரத்துக்குள் 11,000 அடிக்கும் மேலே உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்துவிடுகிறது. 26 அடி நீளக் கேம்பர் டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவண்டி) 2002ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 பிக்கப் டிரக்கில் பூட்டி, அந்தச் சாலையில் நான் முதன்முதலாக இழுத்துக்கொண்டு போன ஜூலை மாத மதியத்தில், டாஷ்போர்டில் எல்லா முட்களும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரின் சூடு வழக்கத்தைவிட ஒரு நூல் அளவுதான் ஏறியிருந்தது. ஆனால் அந்த ஏற்றத்தில் எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களிலிருந்து எரிந்த வாயுவைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயை, நானே பாழாக்கிக்கொண்டிருந்தேன் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

வண்டியில் இருப்பது 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டர்போ டீசல் எஞ்சின். டர்போ என்பது, வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம். 245 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். பழைய வண்டியாக வாங்கியது. எனக்கு முன் வைத்திருந்தவர், எஞ்சினுக்குக் கூடுதலாக டீசல் போகச் செய்யும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார். விற்கும்போது அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார். நானும் பெருமையாகத்தான் வாங்கினேன். அன்றைக்கு வழியில் உள்ள ஜார்ஜ்டவுன் ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகும் ஆறாவது கியரிலேயே, மணிக்கு 60 மைல் வேகத்தில், ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே போனேன். எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கும் கீழே ஓடிக்கொண்டு, முனகாமல் இழுத்தது. பக்கக் கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. டீசல் வண்டி என்றால் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "என்னங்க, பின்னாடி வர்ற கார்க்காரன் பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுட்டு வர்றான், பாருங்க" என்று மனைவி சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. எஞ்சின் சூடானதும் சத்தம் அடங்கிவிடும். பண்ணை டிராக்டர்களிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் டார்ச் விளக்கை அடித்து, கடைசி சிலிண்டருக்குப் பக்கத்தில் மேனிஃபோல்டின் ஓரமாகக் கரி படிந்திருந்த கோட்டைக் காட்டினார். அங்கிருந்த போல்ட்டின் தலை முறிந்து போயிருந்தது. மேனிஃபோல்டைக் கழற்றி அதன் முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்தபோது, சட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. வார்ப்பிரும்பு திரும்பத் திரும்ப அளவுக்கு மீறிச் சூடாகி ஆறும்போது சுருங்கி வளைகிறது; சுருங்கும்போது ஓரத்துப் போல்ட்டுகளை இழுத்து முறிக்கிறது. அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, ஏற்றத்தில் பைரோமீட்டர், அதாவது எக்ஸாஸ்ட் வாயுவின் சூட்டைக் காட்டும் மீட்டர், எவ்வளவு காட்டியது என்பதுதான். அப்படி ஒரு மீட்டர் என் வண்டியில் இல்லை. தண்ணீர் முள் சரியாகத்தானே இருந்தது என்றேன். சிலிண்டரிலிருந்து வெளியே வரும் வாயு சூடாக நொடிகள் போதும், அந்தச் சூடு தண்ணீரில் தெரிய நிமிடங்கள் ஆகும், சில வேளைகளில் தெரியாமலேயே போகும் என்று பொறுமையாக விளக்கினார்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். டீசல் எஞ்சினில் எவ்வளவு சக்தி வர வேண்டும் என்பதை, உள்ளே பீய்ச்சப்படும் டீசலின் அளவுதான் தீர்மானிக்கிறது. ஒரு பங்கு டீசல் முழுவதுமாக எரிய, எடைக்கணக்கில் சுமார் 14.5 பங்கு காற்று வேண்டும். ஆனால் சாதாரண ஓட்டத்தில் அதைவிட மிக அதிகமான காற்று சிலிண்டருக்குள் இருக்கும், அந்த உபரிக் காற்றுதான் எரிந்த வாயுவின் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறது. பாரம் ஏற ஏற டீசல் கூடும், உபரிக் காற்று குறையும், சூடு ஏறும். பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்து கலவை மெலிந்தால் சூடு ஏறும் என்று கேள்விப்பட்டிருப்போம். டீசலிலோ எரிபொருள் மிஞ்சினால்தான் சூடு. கரும்புகை என்பது, உள்ளே போன டீசலுக்கு ஈடாகக் காற்று இல்லை என்று எஞ்சின் கொடுக்கும் வாக்குமூலம். மலை மேலே போகும்போது இது இன்னும் மோசமாகிறது, ஏனென்றால் அந்தச் சுரங்கத்தின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ அதை ஓரளவு ஈடுகட்டினாலும் முழுவதுமாக ஈடுகட்டுவதில்லை.

எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கு, என் வண்டி போன்ற பழைய எஞ்சின்களை ஓட்டுபவர்கள் ஒரு வழக்கமான கணக்கு வைத்திருக்கிறார்கள்: டர்போவுக்கு முன்னால் அளந்தால், தொடர்ந்து இழுக்கும்போது 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது, அது சுமார் 677 டிகிரி செல்சியஸ். தூய அலுமினியம் உருகுவதே 660 டிகிரி செல்சியஸில்தான், பிஸ்டன் அலுமினியக் கலவை. அப்படியென்றால் பிஸ்டன் உருகிவிடாதா என்று நானும் பயந்தேன். வாயுவின் சூடு வேறு, பிஸ்டனின் சூடு வேறு. சூடான வாயு பிஸ்டனைத் தொடுவது ஒவ்வொரு சுற்றிலும் கண நேரம்தான். அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிப் பிஸ்டனைக் குளிரவைக்கும் ஏற்பாடும் உண்டு. ஆகவே முந்திச் செல்வதற்காகப் பத்து நொடி 1,350 வரை போனால் ஒன்றும் ஆகிவிடாது, அதே 1,350இல் பத்து நிமிடம் மலை ஏறினால் எண்ணெயால் அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல முடியாமல் போகும். பார்க்க வேண்டியது முள் காட்டும் அளவை மட்டுமல்ல, அந்த அளவில் எத்தனை நேரம் நிற்கிறோம் என்பதையும்தான்.

மீட்டர் பொருத்தும் வேலையை, புது மேனிஃபோல்டு மாட்டிய பிறகு நானே செய்தேன். அதை டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயில் மாட்டினால் துளையிடும் தூள் டர்போவுக்குள் போகாது என்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் டர்போவின் சக்கரத்தைச் சுற்றுவதிலேயே வாயு தன் சூட்டில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. முழுப் பாரத்தில் அந்த வித்தியாசம் 200 முதல் 300 டிகிரி வரை இருக்கும். பாரம் குறைவாக இருந்தால் வித்தியாசமும் குறையும். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை மனக்கணக்கில் கூட்டிக்கொண்டு மலை ஏறுவது என்னால் ஆகாது. ஆகவே டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டிலேயே துளை போட்டேன். முதலில் சிறிய துளை, பிறகு பெரிய துளை. துளைப்பான் முனையில் கெட்டியாகக் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். கடைசி மில்லிமீட்டரைத் துளைக்கும்போது எஞ்சினை ஓடவிட்டேன். உள்ளேயிருந்து வரும் காற்று மிச்சத் தூளை வெளியே ஊதிவிட்டது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. முழங்கையில் விழுந்த சின்னச் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு மரை போட்டு, காந்தத்தால் துழாவிவிட்டு, கே வகைத் தெர்மோகப்பிளின் (சூட்டை உணரும் கம்பி) முனை வாயு ஓட்டத்தின் நடுவே நிற்குமாறு முடுக்கினேன். இந்த மேனிஃபோல்டு உள்ளே இரண்டாகப் பிரிந்திருக்கும், முன் மூன்று சிலிண்டருக்கு ஒரு பாதை, பின் மூன்றுக்கு ஒரு பாதை. போல்ட் முறிந்தது பின்பக்கம் என்பதால் நான் பின்பாதையைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டும்போது எண்களைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மீட்டரின் கண்ணாடியில் 1,250க்கு நேராகச் சிவப்பு டேப்பில் ஒரு கீற்று ஒட்டினேன்.

முள்ளைப் பார்த்துக்கொண்டு முதன்முதலாக அதே ஏற்றத்தில் ஏறிய நாளில்தான் என் பழைய ஓட்டும் முறை எவ்வளவு முட்டாள்தனமானது என்று புரிந்தது. வேண்டுமென்றே ஆறாவது கியரில் 60இல் விட்டுப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, முள் 1,300ஐத் தொட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது; வண்டியோ சுகமாக இழுத்தது. ஐந்தாவது கியருக்கு இறக்கியதும் எஞ்சின் 2,400 சுற்றுக்குப் போய் இரைந்தது, முள் 1,200க்கு இறங்கியது. அதே வேகம், அதே ஏற்றம், அதே பாரம். சுற்று கூடினால் எஞ்சின் நிமிடத்துக்கு இழுக்கும் காற்றும் கூடுகிறது, அதே சக்தி அதிகமான சுற்றுகளில் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு சுற்றுக்கும் பீய்ச்சும் டீசல் குறைகிறது. காதுக்கு எஞ்சின் கஷ்டப்படுவதுபோல் கேட்கும் நேரத்தில்தான் அது உண்மையில் சுகமாக இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில பயணங்கள் ஆயின.

சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமாவுக்கு எந்த மீட்டரும் இருந்ததில்லை. சிறு வயதில் அவரோடு கேபினில் போகும்போது, "வண்டி திணர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுடா மாப்ள, மேடு கண்ணுல பட்டதும் ஒரு கியர் கொறச்சுக்கணும்" என்பார். சுற்று விழுந்த பிறகு கியரை மாற்றினால், அதற்குள் சூடு ஏறியிருக்கும், வேகமும் போயிருக்கும். கொலராடோ மலையில் நான் இன்றைக்குச் செய்வது அதைத்தான்.

கியரைவிடப் பெரிய விஷயம் வேகம். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிவாதம் போனது. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 14,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6,600 கிலோ. திரும்பி வரும்போது, சுரங்கத்துக்கு மேற்கே உள்ள சில்வர்த்தோர்னிலிருந்து சுரங்கத்துக்கு ஏறும் சாலை 7 சதவீத ஏற்றம். சுமார் 8 மைல். இந்தப் பாரத்தை அந்த ஏற்றத்தில் தூக்குவதற்கு மட்டும், மணிக்கு 60 மைல் வேகத்தில் சுமார் 160 குதிரைத்திறன் வேண்டும். அதற்கு மேல் டிரெய்லரின் தட்டை முகத்தில் மோதும் காற்றையும் சக்கரங்களின் உருளலையும் சேர்த்தால், என் எஞ்சினின் முழுத் திறனான 245க்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 45 மைலுக்குக் குறைத்தால், எல்லாம் சேர்த்து சுமார் 165 போதும். மூன்றில் ஒரு பங்கு சுமை போய்விடுகிறது. நேரக் கணக்கில் இழப்பது, 8 மைலுக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நான்காவது கியரில் 45 மைலில் எஞ்சின் 2,500 சுற்றில் ஓடுகிறது, முள் 1,050ஐச் சுற்றியே நிற்கிறது. இதற்குப் பிறகு, மெதுவாகப் போகும் வண்டிகளுக்கான வலது ஓரப் பாதையில் போவதில் எனக்கு எந்த மானக்கேடும் தோன்றவில்லை.

அந்த எலக்ட்ரானிக் பெட்டியைக் கழற்றிவிட்டேன். இழுவையில்லாமல் சமதரையில் ஓட்டுபவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கலாம். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டும் எதுவும், பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்குச் சூட்டை விலைக்கு வாங்கிக் கொடுப்பதுதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

மீட்டர் வைத்த இரண்டாம் ஆண்டில் அது எனக்கு வேறொரு உபகாரமும் செய்தது. வழக்கமான ஏற்றத்தில், வழக்கமான கியரில், வழக்கமான வேகத்தில் முள் 150 டிகிரி கூடுதலாகக் காட்டியது. டர்போ அழுத்தம் காட்டும் மீட்டரில் வழக்கமாக 20 பி.எஸ்.ஐ. வரும் இடத்தில் 14தான் வந்தது. டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டி, புது டர்போவின் விலையைத் தேட ஆரம்பித்திருந்தேன். அதற்கு முன்னால் காற்றுக் கசிவைப் பார்த்துவிடு என்று அந்த மெக்கானிக் சொன்னார். டர்போவின் காற்று வாயில் ஒரு பி.வி.சி. குழாய் மூடியை மாட்டி, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, கம்ப்ரஸரால் காற்றை ஏற்றினேன். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக்கொண்டே போனபோது, டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குக் கீழே இருந்த ரப்பர் குழாயின் கிளாம்ப் ஓரத்தில், பால் பொங்குவதுபோல் நுரை பொங்கி வந்தது. மேனிஃபோல்டு வேலையின்போது அந்தக் கிளாம்பைக் கழற்றி மாட்டியவன் நான்தான், கோணலாக முடுக்கியிருக்கிறேன். நேராக்கி முடுக்கியதும் 20 பி.எஸ்.ஐ. திரும்பி வந்தது, சூடும் பழைய இடத்துக்கு இறங்கியது. டர்போ கஷ்டப்பட்டு அழுத்திய காற்று வழியில் ஒழுகிப்போனால், உள்ளே போகும் டீசலுக்குக் காற்று போதாமல் சூடு ஏறத்தானே செய்யும்! அன்றிலிருந்து ஒவ்வொரு கோடைக்கு முன்னும் இந்தச் சோப்பு நுரைச் சோதனையைச் செய்கிறேன். காற்று வடிகட்டியையும் அப்போதே பார்த்துவிடுவேன்.

மலை மட்டும்தான் ஆபத்து என்று நினைத்திருந்த எனக்குக் கான்சாஸ் சமவெளி ஒரு பாடம் நடத்தியது. அதே ஐ-70, கிழக்கே, மேசை போன்ற சாலை. எதிர்க்காற்று பலமாக அடித்த ஒரு நாளில் 70 மைல் வேகத்தில் போனபோது, முள் 1,150இலேயே மணிக்கணக்கில் நின்றது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 20 மைல் எதிர்க்காற்றில் 70 மைல் போவது, டிரெய்லரைப் பொறுத்தவரை 90 மைல் காற்றைக் கிழிப்பதற்குச் சமம். சாலை சமமாக இருப்பதால் ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. மலை ஏற்றம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், இந்த ஏற்றம் 300 மைலுக்கு முடியாது. 60க்குக் குறைத்து ஐந்தாவது கியரில் ஓட்டினேன். டீசல் செலவும் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

வண்டியை நிறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. டர்போவின் தண்டு எண்ணெயில் மிதந்து சுழல்கிறது. சூடாக இருக்கும்போதே எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, தண்டைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படிந்துவிடும். ஆகவே நான் முள் 350க்குக் கீழே இறங்கிய பிறகே அணைக்கிறேன். இதற்காக எங்கே போனாலும் ஐந்து நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவோர் உண்டு. அது பெரும்பாலும் வீண். நெடுஞ்சாலையை விட்டிறங்கி, சிக்னலில் நின்று, பெட்ரோல் பங்க்கில் இடம் தேடிப் போய்ச் சேர்வதற்குள் டர்போ தானாகவே ஆறிவிடுகிறது. உண்மையான ஆபத்து, ஏற்றத்தின் நடுவே யாருக்கோ வாந்தி வருகிறது என்று ஓரங்கட்டிச் சட்டென்று சாவியைத் திருப்புவதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இது இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை மனைவியே, "நீங்க வண்டியை ஆஃப் பண்ணாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

2007க்குப் பிறகு வந்த வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. சூட்டையும் டீசல் அளவையும் கம்ப்யூட்டரே கவனித்துக்கொள்கிறது. அந்த வடிகட்டி தனக்குள் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும்போது எக்ஸாஸ்ட் குழாய் கடுமையாகச் சூடாகும்; அந்த நேரத்தில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு, கொலராடோ கோடையில் அது சாதாரண விஷயமல்ல. சூடு குறையும் என்று சொல்லி அந்த வடிகட்டியைக் கழற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அமெரிக்காவில் அது சட்டத்துக்குப் புறம்பானது.

சென்ற ஆகஸ்டில் கிழக்கு நோக்கித் திரும்பும்போது, சில்வர்த்தோர்னை விட்டுக் கிளம்பியதுமே நான்காவது கியரைப் போட்டு, அபாய விளக்கு மின்ன ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய லாரியின் பின்னால் சேர்ந்துகொண்டேன். இருவரும் 40 மைலைத் தாண்டவில்லை. முள் 1,000த்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, கண்ணாடியில் புகை இல்லை. சுரங்கத்தைத் தாண்டி இறக்கத்தில், எக்ஸாஸ்ட் வாயுவைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி, ஜார்ஜ்டவுனில் டீசல் போட நின்றபோது மீட்டரைப் பார்த்தேன். 300 காட்டியது. நேராகச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.